விக்கா: சூனியக்காரர் சமயம் எங்கிருந்து வந்தது?

ஜொகூர் சுங்கத்துறையில் பணியாற்றி, 1936-இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பியவர் ஜெரால்ட் கார்ட்னர். மலாய்க் கெரிஸ் பற்றி நூல் எழுதிய அதே மனிதர்தான், விக்கா எனும் சூனியக்காரர் சமயத்தை உலகறியச் செய்தவர். அது கிறிஸ்துவத்துக்கு முந்தியது என்பது அவர் வாதம்.

சடங்குகளோ வேறு கதை சொல்கின்றன. நான்கு திசைக் காவலரை அழைப்பது, 1888-இல் லண்டனில் தொடங்கிய 'கோல்டன் டான்' மந்திரச் சங்கத்தின் வழியில் வந்தது. கறுப்புப்பிடிக் கத்தி, 'சாலமோனின் திறவுகோல்' எனும் மந்திர நூலில் உள்ளது. மூன்று படித் தீட்சை ஃப்ரீமேசன் பாணி.

1947-இல் மந்திரவாதி அலிஸ்டர் குரோலியைச் சந்தித்த கார்ட்னர், அவர் வரிகளையும் சேர்த்துக்கொண்டார். 1953-இல் தீட்சை பெற்ற டோரின் வேலியன்ட் அதைக் கண்டுபிடித்துவிட்டார்! தமக்குக் கிடைத்தவை துண்டுதுண்டாக இருந்ததால் இட்டு நிரப்பியதாகக் கார்ட்னர் சமாளித்தார். முடிந்தால் நீயே எழுது என்றாராம். வேலியன்ட் எழுதியே விட்டார், குரோலியின் வரிகளில் பெரும்பகுதியை நீக்கி.