மகனே மொழிபெயர்ப்பாளன்!

உங்கள் பிள்ளை ஏதோ தப்புச் செய்துவிட்டான் என்று பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வருகிறது. பதறிக்கொண்டு போகிறீர்கள். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து உபாத்தியாயர்கள் விசாரணை நடத்துகிறார்கள். அவர்கள் பாஷை உங்களுக்குத் தெரியாது. உங்கள் பாஷை அவர்களுக்குத் தெரியாது. இரண்டும் தெரிந்தவன் குற்றவாளியாக நிற்கிற உங்கள் பிள்ளைதான்! என்ன செய்வீர்கள்?

இப்படி ஒரு தாயை, 'சுவர்களுக்கு நடுவே' என்று பொருள்படும் பெயர் கொண்ட பிரெஞ்சுப் படத்தில் பார்க்கலாம். லோரான் காந்தே டைரக்ட் செய்த இந்தப் படம் 2008-ஆம் ஆண்டு கான் பட விழாவில் 'தங்கப் பனை' பரிசு பெற்றது. 1987-க்குப் பிறகு ஒரு பிரெஞ்சுப் படத்துக்கு அந்தப் பரிசு கிடைத்தது அப்போதுதான். காந்தே 2024-இல் காலமானார்.

படத்தில் காதல் இல்லை, பாட்டு இல்லை. பாரிஸ் நகரத்துப் பள்ளி ஒன்றில் ஒரே ஒரு வகுப்பு; ஒரே ஒரு வருஷம். பிள்ளைகளாக வருபவர்கள் தேர்ந்த நடிகர்கள் அல்ல. பாரிஸின் இருபதாம் வட்டாரத்துப் பள்ளி மாணவர்களே. படப்பிடிப்புக்கு முன் மாதக் கணக்கில் பேசிப் பழகினார்களாம். ஆசிரியராக வருபவர் பிரான்ஸுவா பெகோதோ. உண்மையிலேயே வாத்தியாராக இருந்து, அந்த அனுபவத்தை 2006-இல் நாவலாக எழுதியவர். அந்த நாவல்தான் படமாயிற்று.

சுலைமான் என்ற பையன் மாலி நாட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தவன். புஸ்தகத்தைத் திறக்கமாட்டான்; வம்புக்கு மட்டும் முதல் ஆளாக வருவான். ஆனால் தன்னைப்பற்றி எழுதச் சொன்னபோது, தான் எடுத்த புகைப்படங்களைக் கொண்டுவந்து வைக்கிறான். ஆசிரியர் அவற்றைச் சுவரில் மாட்டிப் பாராட்டுகிறார். அப்போது அவன் முகத்தைப் பார்க்கவேண்டுமே!

பிறகு வருகிறது வினை. அவனுடைய திறமைக்கு ஓர் எல்லை உண்டு என்று ஆசிரியர்களின் கூட்டத்தில் சொன்னது, அங்கே இருந்த மாணவிப் பிரதிநிதிகள் வாயிலாக அவன் காதுக்கு எட்டிவிடுகிறது. ஆத்திரத்தில் ஆசிரியர் அந்தப் பெண்களைப் பார்த்து, வாயில் வரக்கூடாத சொல் ஒன்றைச் சொல்லிவிடுகிறார். வகுப்பு கொந்தளிக்கிறது. சுலைமான் பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறும்போது, அது ஒரு பெண்ணின் முகத்தில் பட்டு ரத்தம் வந்துவிடுகிறது.

விசாரணை நடப்பது பையனுக்கு மட்டும். சொல்லைக் கொட்டியவருக்கு இல்லை. தாம் சொன்ன அந்த வார்த்தையை அவர் தம் அறிக்கையில் முதலில் எழுதவும் இல்லை!

அந்த விசாரணைக்குத்தான் தாய் வந்து உட்காருகிறாள். தன் பிள்ளை நல்லவன், வீட்டு வேலைகளில் ஒத்தாசையாக இருப்பவன் என்று தன் பாஷையில் சொல்கிறாள். அதைச் சபைக்குப் பிரெஞ்சில் எடுத்துச் சொல்லவேண்டியவன் அவனே. தன்னைப்பற்றித் தாய் சொன்ன நல்ல வார்த்தையைத் தன் வாயாலேயே சொல்ல எந்தப் பிள்ளைக்குத்தான் கூசாது? தீர்ப்பு என்ன? பள்ளியிலிருந்து நீக்கம். தாயும் மகனும் எழுந்து போகிறார்கள். அழுகை இல்லை, ஆர்ப்பாட்டம் இல்லை. நமக்குத்தான் தொண்டை அடைக்கிறது.

அந்த ஆசிரியர் கெட்டவர் அல்ல என்பதுதான் இதில் வேதனை. பிள்ளைகளோடு வாதாடுவார், சிரிப்பார், அவர்களிடம் அக்கறை உள்ளவர். ஆனாலும் கைதவறி விழுந்த பாத்திரம் மாதிரி ஒரு வார்த்தை விழுந்து, ஒரு பையனின் படிப்பே சிதறிவிட்டது.

வருஷக் கடைசியில், எல்லாரும் போனபிறகு, ஒரு பெண் தயங்கித் தயங்கி ஆசிரியரிடம் வருகிறாள். இந்த வருஷம் தான் எதுவுமே கற்றுக்கொள்ளவில்லை என்கிறாள். வருஷம் முழுவதும் வாயாடியவர்களை அவர் கவனித்தார். சுவரோரம் மௌனமாக உட்கார்ந்திருந்தவளைக் கவனிக்கவில்லை.

நம் வீட்டிலும் சத்தம் போடுகிற பிள்ளை ஒன்று இருக்கும். சத்தமே போடாத பிள்ளை ஒன்றும் இருக்கும். இன்று இரவு சாதம் பரிமாறும்போது, அந்த இரண்டாவது பிள்ளையிடம் இரண்டு வார்த்தை அதிகமாகப் பேசிப் பாருங்களேன்!