கணினிக் காவலன் எழாத காரணம்



வீட்டைக் காக்க ஒரு காவலனை அமர்த்தியிருக்கிறோம். ஒரு நாள் இரவு கூப்பிட்டும் அவன் எழவில்லை. உடனே, "திருடன் வந்து இவனைக் கட்டிப் போட்டுவிட்டான்!" என்று கூச்சலிடுவது முறையாகுமா? அவனுக்குக் காய்ச்சலாய் இருக்கலாம், உணவு வராதிருக்கலாம், உண்மையிலேயே திருடன் கட்டியும் இருக்கலாம். காரணத்தை அறிந்த பின்னரே பரிகாரம் தேட வேண்டும். ஆன்டிவைரஸ் என்று நாம் வழங்கும் நச்சுநிரல் காப்பு மென்பொருளுக்கும் இது பொருந்தும்.

இந்தப் பாடத்தை நான் கற்றுக்கொண்ட வரலாற்றை முதலில் கூறிவிடுகிறேன். மடத்துக்குளத்தில் எங்கள் தெருவில் ஒருவர், நான்கு ஓவர்லாக் இயந்திரங்களை வைத்துக்கொண்டு திருப்பூர்க் கம்பெனிகளுக்குப் பனியன் தைத்துக் கொடுத்து வருகிறார். எத்தனை பீஸ் கொடுத்தோம், எவ்வளவு பாக்கி வர வேண்டும் என்னும் மூன்றாண்டுக் கணக்கு முழுவதும் அவர் வீட்டுப் பழைய கணினியில் இருந்தது. ஒரு நாள் அவர் மகள், கல்லூரி மாணவி, என்னிடம் வந்து, "ஐயா, ஆன்டிவைரஸ் திறந்த உடனே மூடிக்கொள்கிறது, உரிமம் செல்லாது என்கிறது. சென்ற மாதந்தான் பணம் கட்டினோம்" என்றாள்.

நான் சென்று பார்த்தேன். இரண்டு முறை முயன்றேன், பயனில்லை. "அம்மணி, இது வைரஸின் வேலைதான். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் ஏற்றுவதே வழி" என்று தீர்ப்பளித்தேன். ஆண்டுக்கணக்கில் வகுப்பில் தீர்ப்பளித்துப் பழகிய வாய் அல்லவா! கணக்கின் கதி என்ன என்று அவள் தந்தை முகம் வாடினார். அப்பொழுது அந்தப் பெண் திரையின் மூலையைச் சுட்டி, "ஐயா, தேதி 2010, ஜனவரி 1 என்று காட்டுகிறதே!" என்றாள்.

காரணம் அதுதான். கணினியின் தாய்ப்பலகையில் நாணய வடிவில் மூன்று வோல்ட் மின்கலம் ஒன்று உண்டு. மின்சாரம் இல்லாத வேளையிலும் கடிகாரத்தை ஓடச் செய்வது அதுவே. அது தீர்ந்துபோனால், சுவிட்சை அணைக்குந்தோறும் கணினி தன் பழைய தேதிக்கே திரும்பிவிடும். மென்பொருளின் உரிமத்துக்கும், அது நம்பத்தக்கது என்று சான்று கூறும் மின்னணுச் சான்றிதழுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. 2010-இல் இருப்பதாக எண்ணிக்கொண்ட கணினிக்குச் சென்ற மாதத்து உரிமம் இன்னும் பிறக்கவே இல்லை! புது மின்கலம் பொருத்தித் தேதியைத் திருத்தினோம், காவலன் எழுந்துவிட்டான். என் சொற்படி நடந்திருந்தால் மூன்றாண்டு உழைப்பின் கணக்கு அழிந்திருக்கும். ஆசிரியனைக் காப்பாற்றியவள் மாணவி.

ஆகவே, எளிய காரணத்திலிருந்து அரிய காரணத்திற்குச் செல்க என்பதே முறை. அம்முறையைப் படிப்படியாகக் காண்போம்.

முதலாவது, தேதியும் நேரமும் சரியா என்று பாருங்கள். உரிமக் காலம் முடிந்துவிட்டதா என்பதையும் அப்பொழுதே அறியலாம்.

இரண்டாவது, காவலர் இருவர் உளரா என்று பாருங்கள். ஒவ்வொரு கோப்பும் திறக்கப்படும்போது இடைமறித்துச் சோதிப்பது இம்மென்பொருளின் தொழில். இருவர் ஒரே வாயிலில் நின்றால் ஒருவரையொருவர் தடுத்துக்கொள்வர். விண்டோஸுடன் வரும் டிஃபெண்டர், வேறு காவலன் வந்தால் தானே ஒதுங்கிக்கொள்ளும். வெளியிலிருந்து வாங்கிய இரண்டு அவ்வாறு ஒதுங்குவதில்லை. ஒன்றை முறைப்படி நீக்கிவிடுங்கள்.

மூன்றாவது, கணினியின் இயங்குதளம் மிகப் பழையதா? விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-லும், விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-லும் முடிவுற்றன. புதிய காப்பு மென்பொருள் பழைய தளத்தில் இயங்க மறுப்பது இயல்பே.

நான்காவது, மென்பொருளின் கோப்புகளே சிதைந்திருக்கலாம். பாதியில் மின்சாரம் நின்றால் இவ்வாறு நேர்வதுண்டு. அதனை முற்றிலும் நீக்கி, தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே மீண்டும் பெற்று நிறுவுக.

இவை எதுவும் அல்லவெனில், ஐந்தாவதாகத் திருடனை ஐயுறலாம். 1986-இல் லாகூர் நகரத்துச் சகோதரர் இருவர் இயற்றிய 'பிரெய்ன்' என்னும் நச்சுநிரல், நெகிழ்வட்டின் தொடக்கப் பகுதியில் ஒளிந்து பரவியது. 2008 நவம்பரில் தோன்றிய 'கான்ஃபிக்கர்' காவலனையே தாக்கியது. விண்டோஸின் காப்புச் சேவைகளை நிறுத்தியது. ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் தளங்கள் திறவாதபடி தடுத்தது. மற்றத் தளங்கள் திறந்து, அவை மட்டும் திறவாவிடில் அது நோயின் அறிகுறி.

அப்பொழுது செய்ய வேண்டியது யாது? முதலில் இணையத் தொடர்பைத் துண்டியுங்கள். கணக்கு, பாடக்குறிப்பு, படம் ஆகியவற்றை மட்டும் வேறிடத்தில் படியெடுங்கள்; நிரல்களைப் படியெடுக்க வேண்டா. பின்னர்க் கணினியைப் பாதுகாப்பு நிலையில் தொடங்குங்கள். இன்றியமையாத நிரல்கள் மட்டுமே எழும் அந்நிலையில் நச்சுநிரல் பெரும்பாலும் எழாது. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் டிஃபெண்டரின் 'ஆஃப்லைன்' சோதனையும் உண்டு. விண்டோஸ் முழுமையாக விழிக்குமுன் அது சோதிப்பதால், விழித்த பின் ஒளியும் திருடனும் அகப்படுவான். நோயற்ற வேறொரு கணினியிலிருந்து துப்புரவுக் கருவியைக் கொண்டு வருவதும் நன்று. மத்திய அரசு 2017-இல் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரா இத்தகைய கருவிகளை இலவசமாய் வழங்குகிறது. அனைத்தையும் அழித்துப் புதிதாக நிறுவுவது கடைசி வழியே. அதுவும் படியெடுத்த பின்னரே.

ஓர் எச்சரிக்கை. "உங்கள் கணினியில் வைரஸ், உடனே இந்த எண்ணை அழையுங்கள்" என்று திரையில் தோன்றினால் அழைக்காதீர்கள். உதவுவதுபோல் கணினிக்குள் நுழைந்து, வங்கிப் பணத்தைக் கவரும் வஞ்சகர் பலர். பணத்தை இழந்துவிட்டால் நாணிக்கொண்டு மறைக்காமல், தாமதமின்றி 1930 என்னும் எண்ணில் முறையிடுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் இப்பொழுது ஒவ்வொரு சனிக்கிழமையும், வாரக் கூலி கொடுத்து முடித்தவுடன், தம் கணக்கைத் தனி வட்டொன்றில் படியெடுத்து வைக்கிறார். நானோ, எந்தக் கணினியின் முன் அமர்ந்தாலும் முதலில் அதன் கடிகாரத்தைப் பார்க்கிறேன். நீங்களும் இன்று வீட்டிற்குச் சென்றதும் இவ்விரண்டையும் செய்யுங்கள்.