நாடாப்புழுவும் எலியின் ரத்தமும்

களஞ்சியத்துப் பொறியில் அகப்பட்ட எலியின் வயிற்றைக் கீறிப் பார்ப்பார் அரியர். பார்த்தால், சிலவற்றின் ஈரலில் பட்டாணி போன்ற வெண்ணிறக் கட்டி காணப்படும். அதனுள் சுருண்டிருப்பது பூனையின் நாடாப்புழுவினது இளம் பருவமாகும். பூனையின் மலத்தோடு வெளிப்படும் முட்டைகள் தீனியிற் கலந்து எலியின் குடலிற் பொரிக்கின்றன. இளம்புழு குடலைத் துளைத்து, ரத்தத்தின் வழியே ஈரலை அடைந்து கட்டியாகிறது. அவ்வெலியைப் பூனை தின்ன, புழு பூனையின் குடலில் முழு வளர்ச்சி பெறுகிறது.

இவ்வற்பப் பிராணியிடமிருந்து கால்நடை வைத்தியம் கற்றது சிறிதன்று. ஒரு முறை இக்கட்டி கண்ட எலிக்கு மீண்டும் முட்டைகளை ஊட்டினால், புதிய கட்டிகள் பெரும்பாலும் உண்டாவதில்லை. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்த மில்லர் என்பார் 1930-ஐ அடுத்த வருஷங்களில் இதனை ஆராய்ந்தார். நோய் கண்ட எலியின் ரத்தத்தினின்று தெளிந்த நீரைப் பிரித்து, நோயறியா எலிகளுக்கு ஊசி மூலம் ஏற்றி, முட்டைகளையும் கொடுத்துப் பார்த்தார். அவற்றிற்கும் பாதுகாப்புக் கிட்டியது. ஆகவே, காக்கும் பொருள் ரத்தநீரில் உள்ளதென்பது தெளிவாயிற்று. அதனை எதிர்ப்பொருள் என்பர். தாயின் பாலைக் குடித்த குட்டிகளுக்கும் அது சில காலம் உதவுகிறதெனப் பின்னர் அறிந்தனர்.

ஆனால் ஒரு விந்தை: புதிதாய் வரும் புழுவைக் கொல்லும் அதே எலியின் ஈரலில் பழைய கட்டி உயிரோடிருக்கும். எதிர்ப்பொருளுக்கு எளிதில் இரையாவது இளம்புழுவே. கட்டியில் நிலைத்துவிட்டது தன்னைக் காத்துக்கொள்ளும்.

1989-ல் ஆஸ்திரேலிய, நியூஜிலாந்து ஆராய்ச்சியாளர்கள், ஆட்டின் தசையிற் கட்டியுண்டாக்கும் நாடாப்புழுவின் ஒரு புரதத்தைப் பாக்டீரியாவைக் கொண்டு தயாரித்து, ஆடுகளுக்கு ஊசி போட்டு நோயைத் தடுத்துக் காட்டினர். அம்முறையைப் பின்பற்றிப் பன்றிக்கென அமைந்த ஊசிமருந்து ஹைதராபாதில் தயாரிக்கப்பட்டுள்ளது. பன்றி வளர்ப்போர்க்கு இது முக்கியமானது. நாடாப்புழு உள்ள மனிதனின் மலத்தைத் தின்னும் பன்றிக்கு இந்நோய் வருகிறது. அம்முட்டைகள் மனிதன் வயிற்றிற் சென்றாலோ, மூளையிற் கட்டியாகிக் காக்காய் வலிப்பை உண்டாக்கக் கூடும். எலியிடம் கண்டவாறே, ஊசி பழைய கட்டிகளைக் கரைக்காது. ஆதலால் ஆக்ஸ்பெண்டசோல் என்னும் மருந்தையும் எடையில் கிலோ ஒன்றுக்கு 30 மில்லிகிராம் வீதம் உடன் கொடுப்பர். மருந்துண்ட பன்றியைக் கால்நடை வைத்தியர் குறிக்கும் நாள் கழியுமுன் வெட்டலாகாது.

சந்தைக்கு வரும் பன்றியின் நாக்கின் அடிப்பாகத்தைத் தடவினால் கட்டி கைக்குத் தட்டுப்படுவதுண்டு. தட்டுப்படாமையால் மட்டும் அதனைச் சுத்தமென்று கிராம உத்தியோகஸ்தர்கள் கொள்ளலாகாது. கட்டிகள் சிலவேயுள்ள பன்றி இச்சோதனைக்கு அகப்படுவதில்லை.