நந்தவனமும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவும்: தோட்டக்காரர் எங்கே உருவாகிறார்?

தோட்டக்கலையைக் கல்லூரியில் படிக்கலாம். திருச்சிக்குப் பக்கத்திலேயே, நவலூர் குட்டப்பட்டில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மகளிர் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கு. ஆனா அந்தத் தொழிலின் கைப்பழக்கம் பொதுத் தோட்டங்களில்தான் வளர்கிறது என்பது என் கட்சி. அதற்கு இரண்டு சாட்சிகள் ஸ்ரீரங்கம் தீவுக்குள்ளேயே கிடைக்குது.

முதல் சாட்சி நந்தவனம். தொண்டரடிப்பொடியாழ்வாரை எந்தச் சன்னிதியில் பார்த்தாலும் பூக்குடலையோடுதான் இருப்பார். திருமங்கையாழ்வார் மதில் எழுப்பியபோது இவருடைய இடத்தைக் கெடுக்காமல் ஒதுக்கிக் கட்டினாராம். அதில் மனம் நெகிழ்ந்த இவர், தன் தோட்டக் கருவிக்குத் திருமங்கையின் பெயர்களில் ஒன்றான 'அருள்மாரி'யைச் சூட்டினார் என்பது கோயில் மரபு. கதையை நம்புவது உங்க விருப்பம். மண்ணைக் கிளறும் ஒரு கருவிக்குப் பெயர் வைக்கிற அளவுக்கு அந்த வேலைக்கு மதிப்பு இருந்திருக்கு. எனக்கு அது போதும்.

மதிப்பு மட்டுமில்லை, வருமானமும் இருந்தது. நந்தவனத்துக்காக விடப்பட்ட நிலத்தைச் சோழர் காலக் கல்வெட்டுகள் 'நந்தவனப்புறம்' என்கின்றன. தோட்டமும் மாலையும் தங்கள் கைங்கரியமாக இருந்த சாத்தாத ஸ்ரீவைஷ்ணவர்களைச் சாத்தார வீதியின் பெயர் இன்னும் நினைவுபடுத்துது. பூச்சந்தை நடப்பதும் அங்கேதான்.

நந்தவனத்தில் உண்மையான சவால் என்னன்னா, சாமிக்குப் பூ வருஷம் முழுக்க வேணும். செடியோ தன் பருவத்துக்குத்தான் பூக்கும். இங்கேதான் கவாத்து வருது. குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் வெட்டச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகம். ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. அது ஓய்கிற நேரத்துக்கு அரளி, நந்தியாவட்டை, துளசி என்று கைவசம் இருக்கணும். தேதியைப் புத்தகம் சொல்லிடும். எந்தக் கிளையை விடுவது, எதை எடுப்பது என்பது பக்கத்தில் நின்று பார்த்தால்தான் வரும். எங்க மென்பொருள் துறையில், குறிப்பே எழுதாமல் ஒரே ஆளின் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் உண்டு; அவர் வேலையை விட்டால் கதை முடிந்தது. இதுவும் கிட்டத்தட்ட அந்த நிலைதான்.

இரண்டாவது சாட்சி, அதே தீவின் மேற்கே மேலூரில், 2015-இல் திறக்கப்பட்ட வனத்துறையின் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. இங்கே தோட்டக்காரரின் கணக்கே தலைகீழ். வேறு எந்தத் தோட்டத்திலும் இலையில் புழு தெரிந்தால் மருந்தடிப்பாங்க. இங்கே புழு தின்றால்தான் செடி வெச்சதுக்கு அர்த்தம். எலுமிச்சை, கறிவேப்பிலை வகைச் செடிகளில் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி முட்டையிடும். எருக்கில் வெந்தய வரியன். ஆடுதின்னாப்பாலையில் ரோஜா அழகிகள். தேனுக்கு ஒரு செடி, புழுவுக்கு வேறு செடி. தின்றது துளிர்க்கும்வரை மாற்றுச் செடி தயாராக இருக்கணும். ஆடுகூடத் தொடாத ஆடுதின்னாப்பாலையைப் பார்த்துப் பார்த்து வளர்க்கிற இடம் எத்தனை இருக்கும், சொல்லுங்க!

இது நம்ம ஊர் சமாச்சாரம் மட்டுமில்லை. லண்டனின் கியூ தோட்டத்தில் பழகிய மெக்ஐவர் 1848-இல் ஊட்டிக்கு வந்து அரசு தாவரவியல் பூங்காவை உருவாக்கினார். பிறகு நீலகிரியில் சின்கோனா பயிரிட்டதிலும் அவர் கை உண்டு. மலேரியாவுக்கான குயினைன் அந்த மரப்பட்டையிலிருந்து வந்தது. ஒரு பொதுத் தோட்டத்தில் தேறிய கை, இன்னொரு தோட்டத்தையும் ஒரு புதுப் பயிரையும் இங்கே நிறுவியது.

ஆனா நம்ம நகரப் பூங்காக்கள் பலவற்றில் தோட்டக்காரர் என்றால் தண்ணீர் ஊற்றுபவர், புல் வெட்டுபவர். செடிக்குப் பெயர்ப்பலகைகூட இருக்காது. அங்கே அடுத்த ஆள் எதைக் கற்றுக்கொள்வார்?

வேளாண், தோட்டக்கலை மாணவர்கள் இறுதியாண்டில் கிராமங்களில் தங்கிப் பயிற்சி எடுக்கிறாங்க. நல்ல ஏற்பாடு. அதோடு சில வாரங்கள் நந்தவனத்திலும் இந்தப் பூங்காவிலும் வேலை செய்ய விட்டால், பிள்ளைகளுக்கும் லாபம், அங்கே இருக்கிற பழைய கைகளுக்கும் வாரிசு. நந்தவனத்துக்கு நவம்பர் கடைசி வாரம் தோது. குண்டுமல்லியில் கத்தி படுகிற நேரம்.