மலையும் கடலும்: சபரகமுவத் தோட்டங்களிற் பிரிந்தோர் கூடலும் மறுமணமும்

பழந்தமிழ் அகத்திணை மரபு காதலின் நிலைகளை நிலத்தோடு இணைத்து வகுத்தது. மலை சார்ந்த குறிஞ்சிக்குப் புணர்தலையும் கடல் சார்ந்த நெய்தலுக்கு இரங்கலையும் அது உரிப்பொருளாகக் கொண்டது. புலவர் வகுத்த இவ்வமைப்பை மக்கள் வாழ்க்கையில் அப்படியே தேடுதல் பொருந்தாது. ஆயினும், 1964ஆம் ஆண்டிற்குப் பிந்திய இரு தசாப்தங்களில், இலங்கைப் பெருந்தோட்டத் தமிழ்த் தொழிலாளருட் பலர் மலையிற் கூடிக் கடற்கரையிற் பிரிந்தனர். அப்பிரிவை விதித்தது இரண்டு அரசாங்கங்கள் கையொப்பமிட்ட ஓர் ஒப்பந்தமாகும்.

அவ்வாறு பிரிந்தவர்களும், இறப்பாலோ கைவிடப்பட்டமையாலோ துணையை இழந்தவர்களும் மீண்டும் ஒரு வாழ்க்கையை அமைத்துக்கொள்ள முயன்றபோது எதிர்கொண்டவை யாவை என்பதை இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களடங்கிய சபரகமுவத் தோட்டங்களை முன்வைத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கம். தொழிலாளரின் வழக்காறு இரண்டாம் வாய்ப்புக்கு இடமளித்தது. அவர்களை ஆண்ட ஆவணங்கள் அதற்குத் தடையாயின என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்தாகும்.

சபரகமுவத் தோட்டங்களின் இயல்பை முதலில் மனங்கொள்ளல் வேண்டும். நுவரெலியா மாவட்டத்தைப் போலத் தொடர்ச்சியான தேயிலைப் பரப்பு இங்கில்லை. எட்டியாந்தோட்டை, தெரணியகல, தெஹியோவிற்ற முதலிய பகுதிகளில் றப்பரும் தேயிலையும் கலந்துள்ளன. பலாங்கொடை, இறக்குவானை, காவத்தைப் பகுதிகளிலோ தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. எனவே இங்குள்ள தமிழ்த் தொழிலாளரின் உறவு வட்டம் சிறியது. மணத்துணையைப் பக்கத்துத் தோட்டங்களிலும் தென்னிந்தியச் சொந்த ஊரிலும் தேட வேண்டிய நிலைமை நெடுங்காலம் நிலவியது. ஒரு குடும்பம் அகன்றாலும் லயத்தில் ஏற்படும் வெற்றிடம் பெரிது.

இத்தொழிலாளரின் முன்னோருட் பெரும்பாலோர் தமிழகத்தின் உழைக்கும் சாதியினர். அவர்களுட் பலரிடையே கைம்பெண் மறுமணமும், மனமொவ்வாதவிடத்துத் தாலியை நீக்கிப் பிறிதொருவரை மணத்தலும் தொன்றுதொட்டு நிலவின. ‘அறுத்துக் கட்டுதல்’ என்னும் தொடரை மேற்சாதியினர் இழிவுக் குறிப்பாக வழங்கினர். அத்தொடர் சுட்டும் நடைமுறையோ ஒரு சமூக உரிமையாகும். இந்தியாவில் 1856ஆம் ஆண்டு இயற்றப்பட்ட இந்து விதவைகள் மறுமணச் சட்டம், மறுமணம் தடைசெய்யப்பட்டிருந்த சாதிப் பெண்களுக்கே புதிய வாயிலைத் திறந்தது. நிலமற்ற உழைப்பாளிப் பெண்ணுக்கு அவ்வாயில் முன்பே திறந்திருந்தது. சீர்திருத்த வரலாற்றை எழுதுவோர் இவ்வேறுபாட்டைப் பல வேளைகளில் மறந்துவிடுகின்றனர்.

தோட்டத்தில் இவ்வழக்காற்றுக்குப் பொருளியல் அடிப்படை ஒன்றும் இருந்தது. பெண் தன் பெயரிலேயே பேர் பதியப்பெற்று, பெரட்டுக்குச் சென்று, கொழுந்தெடுத்தோ பால் வெட்டியோ கூலி ஈட்டினாள். கணவனை இழந்ததும் உணவுக்கு வழியற்றுப் போகும் நிலை அவளுக்கு இல்லை. ஆயினும் இதனை மிகைப்படுத்தலாகாது. பெண்ணின் கூலியை ஆணே பெற்றுக்கொள்வது பரவலான வழக்கமாயிருந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் நாட்கூலி சமமாக்கப்பட்டதும் 1984ஆம் ஆண்டிலேதான். குடும்பப் பிணக்குகளை முன்னர்க் கங்காணியும், பின்னர்த் தொழிற்சங்கத் தோட்டத் தலைவரும் தீர்த்துவைத்தனர். இருவரும் பெரும்பாலும் ஆண்கள். மனைவியை இழந்த ஆண் விரைவில் மறுமணம் செய்வது இயல்பெனக் கருதப்பட்டது. பிள்ளைகளோடு கூடிய பெண் அதனைச் செய்யும்போது கேள்விகள் எழுந்தன. வழக்காறு தந்த இரண்டாம் வாய்ப்பு இருபாலார்க்கும் ஒரே அளவினதாய் இருக்கவில்லை.

சடங்கால் நிகழ்ந்த இம்மணங்கள் பல பதிவு செய்யப்படவில்லை. இலங்கைப் பொதுச் சட்டம் வழக்காற்று மணத்தை ஏற்பதாயினும், அதனை மெய்ப்பிக்கும் பொறுப்பு தொழிலாளியின் மீதே விழுந்தது. 1948ஆம் ஆண்டுவரை இது பெருஞ்சிக்கலாகத் தோன்றவில்லை. அவ்வாண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாக்கிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டமும் நிலைமையை மாற்றின. பின்னைய சட்டம் 1946 சனவரி முதலாந் திகதிக்கு முன்னரான இடையறாத வதிவை வேண்டியது. மணமானவருக்கு அது 7 ஆண்டு; மணமாகாதவருக்கும் துணையை இழந்தவருக்கும் மணமுறிவு பெற்றவருக்கும் 10 ஆண்டு. ஒருவர் வாழ்க்கைத் துணையோடு இருக்கின்றாரா, தனித்திருக்கின்றாரா என்பது அவரது குடியுரிமையை அளக்கும் கோலாயிற்று. துணையை இழந்தோர் மேலும் மூன்றாண்டு வதிவுக்குச் சான்று தேடவேண்டியவராயினர்.

1964 ஒக்டோபர் 30ஆம் நாள் கையொப்பமான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றவர் எனக் கணிக்கப்பட்ட 975,000 பேரை எண்ணிக்கையாற் பகிர்ந்தது. 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 150,000 பேரை இரு நாடுகளும் சமமாகப் பகிர்ந்துகொள்வதென 1974இல் உடன்பாடு காணப்பட்டது. சம்பந்தப்பட்ட மக்களின் கருத்து எக்கட்டத்திலும் கேட்கப்படவில்லை. இலங்கைக் குடியுரிமை கோரியோர் தொகை ஒதுக்கப்பட்ட இடங்களின் இருமடங்கைத் தாண்டியமை அவர்களது விருப்பத்தைத் தெளிவாகக் காட்டுகின்றது. 1973–74ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாடும் தோட்டங்களில் நிலவிய பட்டினியும் பலரைப் பயணத்துக்கு இணங்கச் செய்தன.

எண்ணிக்கையாற் பகிர்ந்தபோது குடும்பங்கள் உடைந்தன. பெற்றோர் இந்தியாவுக்கும் வளர்ந்த பிள்ளைகள் இலங்கைக்கும் விண்ணப்பித்தமை உண்டு. மணம் பேசப்பட்ட இருவருள் ஒருவர் ‘இந்தியா’ என்றும் மற்றவர் ‘இலங்கை’ என்றும் பிரிக்கப்பட்டமையும் உண்டு. பயணம் செய்வோர் புகைவண்டியில் தலைமன்னாரை அடைந்து, அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம் சென்று, மண்டபம் முகாமிற் பதியப்பெற்றனர். முன்னர் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்புங்காலத்தில் நோய்த்தடுப்புக் காவலுக்குப் பயன்பட்ட அதே முகாம், இப்போது திரும்பி வந்தோரை ஏற்கும் இடமாயிற்று. இச்சிறு கடற்கரை ஊர்கள் எவருக்கும் சொந்த ஊரல்ல. ஆயினும் ஆயிரக்கணக்கானோரின் பிரிவு நிறைவுற்ற இடங்கள் அவையே.

அக்கரையிலும் சிதறல் தொடர்ந்தது. நீலகிரியில் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகத்தின் தோட்டங்களிலும், கேரளத்தின் புனலூரில் 1976இல் நிறுவப்பட்ட மறுவாழ்வுத் தோட்ட நிறுவனத்திலும், கர்நாடகத்தின் சுள்ளியாப் பகுதி றப்பர்த் தோட்டங்களிலும் பலர் குடியமர்த்தப்பட்டனர். 1984இல் தலைமன்னார்க் கப்பற் சேவையும் நின்றபின் கடிதமொன்றே பலருக்கு இணைப்பாயிற்று.

இந்நிலையில் இரண்டாம் வாய்ப்பு என்பதன் பொருளை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். எட்டியாந்தோட்டைப் பகுதியில் மணமான இருவரை எண்ணிப் பார்ப்போம். கணவன் தன் பெற்றோரோடு இந்தியா செல்ல நேர்கின்றது. மனைவி தன் குடும்பத்தோடு இங்கேயே தங்குகின்றாள். ஆண்டுகள் கழிகின்றன. அவர்கள் மீண்டும் கூடுவதற்குக் கடவுச்சீட்டும் விசாவும் பயணச் செலவும் வேண்டும். லயத்தில் வாழும் கூலித் தொழிலாளிக்கு இவை எளிதில் எட்டுபவையல்ல. பிறிதொருவரை மணக்கவோ சட்டரீதியான மணமுறிவு வேண்டும். அக்கால இலங்கைப் பொதுச் சட்டம் ஏற்ற காரணங்கள் பிறர்மனை சேர்தல், தீய எண்ணத்துடன் கைவிடுதல், மணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக் குறைவு முதலியனவே. அரசாங்க ஒப்பந்தத்தால் அகற்றப்பட்டவன் தீய எண்ணத்துடன் கைவிட்டவனல்லன். அவன் குற்றமற்றவனாதலால் அவள் விடுதலையற்றவளாகின்றாள்.

இந்தியாவின் 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம், 7 ஆண்டு செய்தியற்றுப் போனவரிடமிருந்து மணமுறிவு பெற வழிசெய்தது. ஆனால் ஆண்டுக்கொரு கடிதம் எழுதுபவர் செய்தியற்றவராகார்; அன்பு அறாதிருந்தமையே சட்டத்தின் வழியை அடைத்தது. அச்சட்டத்தின் 29ஆம் பிரிவு வழக்காற்று மணமுறிவைப் பாதுகாத்தது உண்மையே. எனினும் அவ்வழக்காற்றை நீதிமன்றத்தில் நிறுவுவது புதிதாகக் குடியேறிய தொழிலாளிக்கு எளிதன்று. எனவே இரு கரைகளிலும் பலர் சட்டத்தின் துணையின்றி, வழக்காற்றின் துணையோடு, புதிய குடும்பம் அமைத்தனர். அக்குடும்பத்துப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழிலும், சேமலாப நிதிக்கு உரித்தாளரைப் பெயர் குறிப்பதிலும், தந்தைவழியே நிர்ணயிக்கப்பட்ட குடியுரிமையிலும் சிக்கல் தோன்றியது. சமூகம் ஏற்ற உறவை ஆவணம் ஏற்கவில்லை.

சபரகமுவவில் இதற்கு மேலும் ஓர் அடி விழுந்தது. 1977ஆம் ஆண்டின் வன்முறையிலும், 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் தாக்கப்பட்டபோதும், 1983ஆம் ஆண்டிலும் லயங்கள் எரிக்கப்பட்டன, மக்கள் அகதிகளாயினர். சிலர் வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளுக்கும் சிலர் இந்தியாவுக்கும் சென்றனர். இவ்விடப்பெயர்வில் அடையாளப் பத்திரங்கள் அழிந்தன. பழைய முகவரிக்கு வந்த கடிதத்தைப் பெற ஆளில்லாமற் போயிற்று. காத்திருந்தவரையும் காத்திருக்கப்பட்டவரையும் இணைத்த கடைசி இழை இவ்வாறே பல இடங்களில் அறுந்தது.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இலங்கையில் எஞ்சியிருந்த இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கியது. நாடற்ற நிலை பெரும்பாலும் முடிவுற்றது. பிரிக்கப்பட்ட உறவுகளுக்கான பரிகாரம் எதுவும் அதனுள் இல்லை. குடியுரிமையை ஆண்டுக் கணக்கால் மீட்டளிக்கலாம். இளமையை அவ்வாறு மீட்டளிக்க இயலாது.

தோட்டப் பெண்ணின் மறுமணத்தைக் குடியேற்றகால அதிகாரிகள் ஒழுக்கத் தளர்வாகக் கண்டனர். நமது நடுத்தர வர்க்கமும் அப்பார்வையைப் பெரிதும் விட்டொழிக்கவில்லை. உண்மையில் அது, உடைந்த வாழ்க்கையை மீண்டும் கட்டுவதற்கு ஓர் உழைக்கும் சமூகம் தன்னிடமிருந்த ஒரே கருவியைப் பயன்படுத்தியமையாகும். கப்பலேறியவருட் பலர் இன்று எழுபது வயதைக் கடந்தவர்கள். அவர்கள் எவரை விட்டுச் சென்றனர், எவரோடு வாழ்ந்தனர், எவரைத் தேடினர் என்பவற்றை இகழ்ச்சியின்றிக் கேட்டுப் பதிவதும், பதிவற்ற மணங்களால் ஓய்வுக்கால உரித்தை இழந்து நிற்கும் முதிய பெண்களுக்குச் சட்ட உதவி கிட்டச் செய்வதும் பல்கலைக்கழகத் தமிழாய்வாளர் மேற்கொள்ளத்தக்க பணிகளாகும்.