தையல் மிஷினும் மரத்துப்போகும் விரல்களும்

எங்கள் தளவாய்புரம் என்றாலே நைட்டிதான். பீஸ் கணக்கில் கூலி என்பதால், "இன்னும் ரெண்டு பீஸ் முடிச்சுட்டு எந்திரிக்கிறேன்" என்றே பெண்களுக்குப் பொழுது போய்விடுகிறது.

சகோதரிகளே, ராத்திரி தூக்கத்தில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய், கையை உதறினால்தான் சரியாகிறதா? 'வேலை அலுப்பு' என்று தைலம் தேய்த்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். அந்த விரல்களுக்குப் போகும் நரம்பு, மணிக்கட்டில் ஒரு குறுகிய பாதை வழியாகச் செல்கிறது. மணிக்கட்டை மடக்கியபடியே ஓயாமல் வேலை செய்தால் அந்த நரம்பு நெருக்கப்படலாம். எழுதி எழுதியே கை ஓய்ந்துபோன குமாஸ்தாக்களைப் பற்றி இத்தாலிய டாக்டர் ரமஸ்ஸினி 1713-லேயே எழுதியிருக்கிறார். இன்று கம்ப்யூட்டரில் டைப் அடிப்பவர்களுக்கும் கைவலி வருகிறது.

வராமல் தடுக்க நான் சொல்வது இவைதான்:

* மிஷின் மேஜை முழங்கை உயரத்தில் இருக்கட்டும். முக்காலி வேண்டாம், முதுகு சாய்க்கும் நாற்காலி போடுங்கள்.
* துணியைத் தள்ளும்போது மணிக்கட்டு நேராக இருக்கட்டும்.
* அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து, 2 நிமிஷம் கையைத் தொங்கவிட்டு நடங்கள்.
* தையலுக்கு நடுவே மடிப்பது, அடுக்குவது என்று வேலையை மாற்றுங்கள்.
* கத்தரிக்கோலுக்குச் சாணை பிடித்து வையுங்கள். மொட்டைக் கத்தரி கையைக் கொல்லும்.

கர்ப்பிணிகளுக்கு உடம்பில் நீர் கோப்பதாலும் இப்படி மரத்துப்போகும். பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் சரியாகிவிடும். சர்க்கரை, தைராய்டு உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்கணும்.

ஆரம்பத்திலேயே டாக்டரிடம் காட்டினால், ராத்திரியில் மணிக்கட்டுப் பட்டை கட்டிக்கொள்வதே பலருக்குப் போதும். தள்ளிப்போட்டால் கட்டைவிரல் அடிச்சதை வற்றி, ஊசியைப் பிடிக்கக்கூட வலுவிருக்காது. சுவர் இருந்தால்தானே சித்திரம்!