வீடெழும் காணியில் மரம் காத்தல்

மரஞ்செறிந்த காணியில் மனையெழுப்புவோர் சிலர், "இம்மரம் நிற்கட்டும்" என்று தொழிலாளருக்குக் கூறியதுடன் தங்கடன் முடிந்ததென அமைவர். இரண்டொரு மாரி கழிந்தபின், கோடரி படாத அம்மரமும் நுனியிலிருந்து பட்டுப்போதல் உண்டு. இதற்குக் காரணம் யாது?

நீரும் உணவும் உறிஞ்சும் சிறுவேர்களிற் பெரும்பாலானவை, ஏறக்குறைய 2 அடி ஆழத்துக்குட்பட்ட மேன்மண்ணிலேயே பரந்து, கிளைவிரிவின் எல்லையையுங் கடந்து செல்லும். மண்ணிடையுள்ள காற்றே அவற்றுக்கு உயிர்ப்பு. லொறிகள் ஓடி மண் இறுகினும், தாழ்நிலத்தை உயர்த்த மண் கொட்டினும், அக்காற்றுத் தடைப்பட வேர் மடியும். அத்திவாரக் கிடங்கு வேரை அறுக்கும். சீமெந்து கழுவிய நீர் மண்ணின் இயல்பைக் கெடுக்கும்.

ஆதலின், வேலை தொடங்குமுன்னரே செய்யத்தக்கன மூன்று. முதலாவது, காக்கவேண்டிய மரங்களைக் குறித்து, அவற்றுக்கேற்ப வீட்டுப்படம் வரைதல். இரண்டாவது, கிளைநிழலின் எல்லையில் வேலியிட்டு, அதனுள்ளே கல், மணல் முதலியன குவியாதிருத்தல். மூன்றாவது, அடர்ந்து வளர்ந்த மரங்களைத் தனித்தனியே விடாது தொகுதியாக விடுதல். ஒன்றையொன்று காத்து நெடிதுயர்ந்தவை, தனித்து நிற்பின் பெருங்காற்றுக்கு ஆற்றாது சாயும்.

இலங்கையில் 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், பலா, ஈரப்பலா, பெண்பனை என்பவற்றை அனுமதியின்றி வெட்டலாகாது. வெட்டாது விட்ட மரத்தின் வேர்நிலத்தைப் பேணுதல் காணிக்குரியோர் பொறுப்பாகும். வன்னியிற் காணி திருத்தும் பழைய மாணவரும், நாளை மனையெழுப்பவிருக்கும் இன்றைய மாணவரும் இதனை உளங்கொள்வாராக. பாலையும் முதிரையும் ஒரு தலைமுறையில் முதிர்வனவல்ல.